மடங்கிய இரண்டு விரல்கள்

பியானோவில் மெட்டு பெரும்பாலும் வலது கையின் ஓரத்தில்தான் குடியிருக்கிறது. ஷோபேனோ பிராம்ஸோ, யாரை வாசித்தாலும் நிலைமை இதுதான். இடது கை அடிச்சுரங்களைத் தாங்கிப் பிடிக்கும். வலது கையின் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் நடுப்பகுதியை நிரப்பும். எல்லாவற்றுக்கும் மேலே நின்று பாட வேண்டியவை மோதிர விரலும் சுண்டுவிரலும். கையிலேயே பலம் குறைந்த இரண்டு விரல்களிடம் ஆகப் பெரிய வேலையை ஒப்படைத்திருக்கிறது இந்த வாத்தியம்.

லியோன் ஃப்ளைஷர் இழந்தது அந்த இரண்டு விரல்களைத்தான். அப்போது அவருக்கு 36 வயது. அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர்களில் முதல் வரிசையில் அவர் பெயர் இருந்த நேரம். எலும்பு முறியவில்லை, நரம்பு அறுபடவில்லை. பியானோவின் முன்னால் உட்கார்ந்து கையை வைத்தால் போதும், இரண்டு விரல்களும் தாமாக உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. ஏன் என்று சொல்ல ஒரு மருத்துவராலும் முடியவில்லை. காரணத்துக்கு ஒரு பெயர் கிடைக்கவே கால் நூற்றாண்டு ஆயிற்று.

அவர் கதையைப் பத்திரிகைகள் வழக்கமாக இப்படித்தான் சொல்லும்: உச்சத்தில் இருந்தார், வீழ்ந்தார், முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவ அற்புதம் ஒன்றால் எழுந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது நடுவில் இருந்த முப்பது ஆண்டுகள் வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடுகின்றன. ஃப்ளைஷர் முழுமையான இசைக்கலைஞராக ஆனது அந்த முப்பது ஆண்டுகளில்தான் என்பது என் துணிபு. இந்தக் கட்டுரை அதைச் சொல்லவே.

தொப்பிக்கடைக்காரர் மகன்

1928 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார் ஃப்ளைஷர். அப்பா ஒடெஸாவிலிருந்தும் அம்மா போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். அப்பாவுக்குப் பெண்களுக்கான தொப்பி செய்து விற்கும் தொழில். அம்மாவுக்கு மகனைப் பற்றி இரண்டே கனவுகள். ஒன்று, அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி ஆக வேண்டும். இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞன் ஆக வேண்டும். இதைத் தன் கடைசிக் காலம் வரை சொல்லிச் சிரித்திருக்கிறார் ஃப்ளைஷர்.

வீட்டில் பியானோ வாத்தியார் வந்தது அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்க. பாடம் முடிந்ததும் அண்ணன் விளையாட ஓடிவிடுவான். நாலு வயதுத் தம்பி ஸ்டூலில் ஏறி, அண்ணனுக்குச் சொன்னதையெல்லாம் அப்படியே வாசித்துக் காட்டுவான். சீக்கிரமே பாடம் தம்பிக்கு மாறியது. எட்டு வயதில் மேடை ஏறியாயிற்று.

சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியை நெடுங்காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ், இந்தப் பையன் போய்ச் சேர வேண்டிய இடம் ஆர்ட்டூர் ஷ்னாபெல்தான் என்று முடிவுகட்டினார். ஷ்னாபெல் அந்தக் காலத்தில் பீத்தோவனுக்கு மறுபெயர் போன்றவர். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுவதுமாக இசைத்தட்டில் பதிவு செய்தவர். 1933-இல் ஹிட்லர் வந்ததும் பெர்லினைத் துறந்து வெளியேறியவர். சிறுவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஹெர்ட்ஸ் தம்பதி அவரை விருந்துக்கு அழைத்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையனைப் பின்வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். விருந்து முடிந்து கதவைத் திறந்தால் பையன் வாசிக்கத் தயாராக இருக்கிறான். கேட்ட பிறகு ஷ்னாபெல்லால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: இனி கச்சேரி கூடாது. குழந்தை மேதை என்று ஊர் ஊராகக் காட்டுவதை அவர் வெறுத்தார்.

1938 கோடைக்காலத்தில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருந்த டிரெமெட்ஸோ என்ற ஊருக்குத் தாயும் மகனும் போய்ச் சேர்ந்தார்கள். மறுவருடம் போர் மூண்டது. ஷ்னாபெல் நியூயார்க் வந்தார், ஃப்ளைஷர் குடும்பமும் அங்கே இடம்பெயர்ந்தது. பத்து ஆண்டுகள் சிட்சை.

குரு-சிஷ்யப் பரம்பரையை நம் ஊரில் விரல்விட்டு எண்ணிச் சொல்வோம் அல்லவா? இங்கேயும் அது உண்டு. பீத்தோவனிடம் படித்தவர் செர்னி. செர்னியிடம் லெஷெடிட்ஸ்கி. அவரிடம் ஷ்னாபெல். ஷ்னாபெல்லிடம் ஃப்ளைஷர். ஆக, பீத்தோவனிலிருந்து ஐந்தாவது தலைமுறை. ஷ்னாபெல் பாடம் எடுக்கும்போது மற்ற மாணவர்களும் கூட உட்கார்ந்து கேட்பார்கள். தன் பாடத்தைவிடப் பிறர் பாடத்தில்தான் அதிகம் கற்றேன் என்ற பொருளில் ஃப்ளைஷர் பலமுறை பேசியிருக்கிறார். தன் முறை வரும்போது விரல் பதறும். பிறர் முறையில் காது திறந்திருக்கும். விரல் எப்படி ஓட வேண்டும் என்று ஷ்னாபெல் அதிகம் சொல்லமாட்டார். ஒரு வரி எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்பதிலேயே ஒரு பாடம் முழுவதும் கழிந்துவிடும்.

1944-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில், பியர் மோன்தோ நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். வயது 16. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்த டி மைனர் படைப்பை எடுக்க வளர்ந்த கலைஞர்களே தயங்குவார்கள். நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இந்தப் பையன் என்று மோன்தோ பாராட்டினார்.

அதன் பிறகு ஒரு சரிவு. 19 வயதில் ஷ்னாபெல் இனி நீயே பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அதுவரை ஒவ்வொரு சுரத்துக்கும் குருவின் முகத்தைப் பார்த்துப் பழகியவருக்குத் தன் காதை நம்பத் தெரியவில்லை. கச்சேரிகளும் குறைந்தன. பாரிஸுக்குக் கிளம்பிப் போனார். 1952-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த எலிசபெத் ராணி சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர். அதற்குப் பிறகு அழைப்புகளுக்குக் குறைவில்லை.

செல்லும் கிளீவ்லாந்தும்

ஃப்ளைஷர் என்றால் இன்றும் ரசிகர்கள் முதலில் தேடுவது ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவுடன் அவர் செய்த பதிவுகளைத்தான். செல் ஹங்கேரியில் பிறந்தவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். தானே தேர்ந்த பியானோ கலைஞர் என்பதால் அவரிடம் எதையும் பூசி மெழுக முடியாது. 1958 முதல் 1962 வரையான நாலைந்து ஆண்டுகளில் பிராம்ஸின் இரண்டு கான்செர்ட்டோக்கள், பீத்தோவனின் ஐந்தும், ஷூமான், கிரீக், மொசார்ட்டின் சி மேஜர் கான்செர்ட்டோ என்று வரிசையாகப் பதிவு செய்தார்கள்.

அந்த 1958 பிராம்ஸ் பதிவைக் கேளுங்கள். முதல் பகுதியில் வலது கைக்கு எட்டாம் சுர இடைவெளியில் திரில்கள் வருகின்றன. இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாக அதிரவைப்பதே திரில். சாதாரண திரிலுக்கு இரண்டு விரல் போதும். பிராம்ஸ் எழுதியிருப்பதோ கையை முழுக்க விரித்துவைத்துக்கொண்டு அதிர வேண்டிய திரில். சுண்டுவிரலுக்கு அதில் துளி ஓய்வில்லை. ஆர்கெஸ்ட்ரா இடிமுழக்கிவிட்டு ஒதுங்க, ஃப்ளைஷர் அந்த திரில்களை எஃகுபோல அடுக்கிக்கொண்டு போகிறார். எங்கேயும் தடுமாற்றம் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. இன்னும் ஏழு ஆண்டுகளில் அந்தச் சுண்டுவிரல் நிமிரவே மறுக்கும் என்று தெரிந்து கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1964 வாக்கில் வலது கையில் ஏதோ ஒரு மந்தம் தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் தோட்டத்து நாற்காலியில் கட்டைவிரல் வெட்டுப்பட்டுத் தையல் போட்டிருந்தார்கள். அதன் விளைவாக இருக்கும் என்று நினைத்தார். கலைஞர்கள் எல்லோரும் செய்வதையே செய்தார்: சாதகத்தைக் கூட்டினார். நாளுக்கு ஏழு, எட்டு மணி நேரம். கை சோர்ந்தால் இன்னும் கொஞ்சம். மோதிர விரலும் சுண்டுவிரலும் மேலும் மேலும் உள்ளே மடங்கின.

1965-இல் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ரா அமெரிக்க அரசின் சார்பில் சோவியத் யூனியனுக்கும் ஐரோப்பாவுக்கும் மாபெரும் பயணம் புறப்பட இருந்தது. ஃப்ளைஷரும் உடன் போவதாக ஏற்பாடு. செல்லின் காதுக்கு எதுவும் தப்பாது. இந்த நிலையில் நீ வர முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆர்கெஸ்ட்ரா விமானம் ஏறியது. ஃப்ளைஷர் வீட்டில் இருந்தார்.

விரலில் இல்லை, தலைக்குள்

அவருக்கு வந்த நோயின் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா. நம் மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே அசைவைப் பல ஆண்டுகள், பல லட்சம் முறை, அதீதத் துல்லியத்துடன் செய்யும்போது சிலருக்கு அந்த இடங்களின் எல்லை மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஒரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறப்பதுபோல, ஒரு விரலை அசைக்கச் சொன்னால் இன்னொன்றும் இழுத்துக்கொள்கிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. இதில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. குறிப்பிட்ட அந்த வேலையைச் செய்யும்போது மட்டும் வருவது இதன் இன்னொரு கொடுமை. எழுதுகிறவர்களுக்கு வரும் கைப்பிடிப்பும் இதே குடும்பத்து நோய்தான். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவரை இது பாதிக்கலாம் என்று மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். ராபர்ட் ஷூமான் பியானோவைவிட்டு இசையமைப்புக்கு வந்ததற்குக் காரணமான விரல்கோளாறும் இதுவாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

1965-இல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆகவே மனக்கோளாறு என்றார்கள் சிலர். ஃப்ளைஷர் மசாஜ், ஊசி, அக்குபஞ்சர், ஹிப்னாடிசம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மணவாழ்க்கை முறிந்தது. முடியும் தாடியும் வளர்த்துக்கொண்டு வெஸ்பா ஸ்கூட்டரில் ஊர் சுற்றினார். தற்கொலை எண்ணம் வந்தது உண்டு என்று பின்னால் மறைக்காமல் சொன்னார். ஐந்து பிள்ளைகளின் தகப்பன், நாலு வயதிலிருந்து வேறு எந்த வேலையும் தெரியாதவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த இருட்டு நீடித்தது. தனக்கு வேண்டியது இசையா, பியானோ கலைஞன் என்ற அடையாளமா என்ற கேள்விக்கு ஒரு நாள் அவருக்கே பதில் கிடைத்தது. இசைதான் வேண்டும். இரண்டு கையால் வாசிப்பது அதற்கு ஒரு வழி. வேறு வழிகளும் இருக்கின்றன.

ஒரே கை

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் நகர முடியாது. பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். வியன்னாவில் பெரும் செல்வக் குடும்பம். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில் ரஷ்யப் போர்முனையில் குண்டடிபட்டு வலது கையை இழந்தார். சைபீரியச் சிறைமுகாமில் மரப்பெட்டி ஒன்றின் மேல் கரியால் பியானோ கட்டைகளை வரைந்து இடது கையால் சாதகம் செய்தார். விடுதலையாகி வந்ததும் தன் செல்வத்தைக் கொண்டு அக்காலத்தின் பெரிய இசையமைப்பாளர்களிடம் இடது கைக்கு மட்டுமான படைப்புகளை எழுதி வாங்கினார். ராவெல், புரோகோஃபியெவ், ஹிண்டமித், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பெஞ்சமின் பிரிட்டன் எல்லோரும் எழுதிக்கொடுத்தார்கள். வாங்கியதில் சிலவற்றை அவர் வாசிக்கவே இல்லை. தனக்குப் பிடிக்காததைப் பிறர் வாசிக்கவும் விடவில்லை. முரட்டு மனிதர். ஆனால் அவர் பிடிவாதம் இல்லையென்றால் ஃப்ளைஷருக்கு மேடையே இருந்திருக்காது.

அவற்றில் மகுடம் ராவெலின் இடது கை கான்செர்ட்டோ. 1932 தொடக்கத்தில் வியன்னாவில் அரங்கேறியது. இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ராவின் அடிமட்டத்தில், டபுள் பேஸ்களின் முணுமுணுப்புக்கு மேல், கான்ட்ராபசூன் என்ற பெரிய குழல் கரகரக்கும். அந்த இருளிலிருந்து எல்லா வாத்தியங்களும் மேலேறி உச்சத்தில் வெடித்து நின்றதும் பியானோ தன்னந்தனியாக நுழையும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு கைதான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

சூட்சுமம் எங்கே என்றால், கட்டைவிரலில். வலது கையில் மேல்சுரம் சுண்டுவிரலுக்குப் போகிறது. இடது கையில் மேற்பக்கம் இருப்பது கட்டைவிரல். கையிலேயே பலமான விரல் மெட்டைப் பாடும். மற்ற நான்கும் கீழே பாய்ந்து அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு மேலே ஓடிவரும். தட்டிய சுரம் அறுந்துபோகாமல் வலது கால் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ளும். 88 கட்டைகளையும் ஒரே கை ஆள வேண்டும் என்பதால் உடம்பு முழுக்க வலப்புறம் சாய்ந்து திரும்பும், சும்மா இருக்கிற வலது கை ஸ்டூலைப் பிடித்து உடம்பை நிறுத்தும். உடல்வலிமையாகப் பார்த்தால் இரண்டு கை வாசிப்பைவிட இது கடினம்.

ஃப்ளைஷர் இந்த இடது கைப் படைப்புகளைத் தன்வசமாக்கினார். ராவெல், புரோகோஃபியெவ், பிரிட்டன் மூவரின் இடது கைப் படைப்புகளை செய்ஜி ஒசாவா நடத்திய பாஸ்டன் சிம்பொனியுடன் பதிவு செய்தார். பாக்கின் வயலின் சாகோனை இடது கைக்கு மட்டுமாக பிராம்ஸ் மாற்றி எழுதியிருக்கிறார். 1877-இல் எழுதிக் கிளாரா ஷூமானுக்கு அனுப்பியது. அதை ஃப்ளைஷர் மேடை மேடையாக வாசித்தார். புதிய இசையமைப்பாளர்கள் அவருக்காகவே எழுதினார்கள். அவருடைய நண்பர், பியானோ கலைஞர் கேரி கிராஃப்மனுக்கும் 1979-இல் இதேபோல வலது கை போயிற்று. இருவருக்குமாக வில்லியம் போல்கம் எழுதிய படைப்பில் இரண்டு இடது கைகள் சேர்ந்து வாசிக்கின்றன.

இன்னொன்றும் நடந்தது. விட்கென்ஸ்டைனுக்காக ஹிண்டமித் 1923-இல் எழுதி, விட்கென்ஸ்டைன் பூட்டிவைத்த படைப்பு ஒன்று, அவர் மனைவியின் மறைவுக்குப் பிறகு 2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிடைத்தது. 2004 டிசம்பரில் சைமன் ராட்டில் நடத்த, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் அதை உலகில் முதன்முதலாக வாசித்தவர் ஃப்ளைஷர். எழுதி 81 ஆண்டுகள் கழித்து அரங்கேற்றம்!

மூன்று பேர்

பால்டிமோர் நகரத்தின் பீபாடி இசைக் கல்லூரியில் 1959-இலேயே அவர் சேர்ந்திருந்தார். கை நன்றாக இருந்தவரை, மாணவன் தடுமாறினால் நகரு என்று சொல்லித் தானே வாசித்துக் காட்டிவிடுவார். கை போனபின் அது முடியாது. வேண்டிய ஒலியைச் சொல்லில் சொல்லியாக வேண்டும். ஆசிரியராகத் தான் தேறியது அப்போதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவர் பாடத்தின் மையம் இது. வாசிக்கிறவருக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும். முதலாமவர், விரல் கட்டையைத் தொடும் முன்பே அந்த ஒலியை மனசுக்குள் கேட்கிறவர். இரண்டாமவர், கட்டையை அழுத்துகிறவர். மூன்றாமவர், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வந்த ஒலியைக் கேட்டு, முதலாமவர் விரும்பியது இதுதானா என்று பார்த்து இரண்டாமவருக்குச் சொல்கிறவர். மூவரில் யார் தூங்கினாலும் இசை போச்சு. மனசுக்குள் கேட்காமல் விரலை மட்டும் ஓட்டும் சாதகத்தை மணிக்கணக்கில் செய்வதால் பயனில்லை, அது ஆபத்து என்றே சொன்னார். தன் கையே சாட்சி என்பார்.

தாளத்தைப் பற்றி அவர் சொன்னதும் மாணவர்கள் வாயில் பழமொழியாகிவிட்டது. ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதித்து வாசி, ஆனால் தாமதமாகிவிடக் கூடாது. அடுத்த சுரத்துக்கு முந்துகிற அவசரத்தில்தான் இசையின் நடை கெடுகிறது என்பது அவர் கணக்கு. ஆண்ட்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், எலென் கிரிமோ, லூயி லோர்ட்டி, ஜோனதன் பிஸ் என்று இன்று மேற்கத்திய இசையில் மதிக்கப்படும் பலர் அவரிடம் கற்றவர்கள்.

ஆர்கெஸ்ட்ரா நடத்தவும் கற்றுக்கொண்டார். அனாபொலிஸ் சிம்பொனி, பிறகு பால்டிமோர் சிம்பொனி. 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநர். முப்பது ஆண்டுகளில் ஒரு மனிதர் இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்?

1982, பால்டிமோர்

ஆனாலும் வலது கை ஆசை விடவில்லை. 1981-இல் மணிக்கட்டில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. 1982 செப்டம்பரில் பால்டிமோரில் புதிய மேயர்ஹாஃப் சிம்பொனி அரங்கம் திறந்தபோது, இரு கையாலும் அவர் திரும்பி வருகிறார் என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பு, பத்திரிகைகளின் பரபரப்பு எல்லாம் உண்டு. முதலில் பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோ என்று இருந்தது. கை ஒத்துழைக்காது என்று தெரிந்ததும் சேசார் ஃப்ராங்கின் சிம்பொனிக் வேரியேஷன்ஸுக்கு மாற்றிக்கொண்டார். கடைசியில் ஷோபேனின் நாக்டர்ன் ஒன்று. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் நடுவே நின்றவருக்கு மட்டும் உண்மை தெரியும். கை சரியாகவில்லை. விரல்களை எப்படியோ ஏமாற்றி ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரு கைக் கச்சேரிகளை ஒதுக்கிவிட்டு மறுபடி இடது கைக்கே திரும்பினார். நாடே மீட்சி என்று கொண்டாடும்போது இல்லை என்று சொல்லிப் பின்வாங்குவது எத்தனை பேரால் முடியும்? என்னைக் கேட்டால், ஃப்ளைஷரின் வாழ்க்கையிலேயே பெரிய தீரம் இதுதான்.

நோய்க்குப் பெயர் 1990-களின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. வாஷிங்டனை அடுத்த பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் போடாக்ஸ் ஊசி போட்டுப் பார்த்தார்கள். முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்து. இறுகும் தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அது பாதியில் தடுக்கும். அளவு கூடினால் விரலில் வலு இருக்காது. குறைந்தால் மறுபடி சுருளும். சில மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். கூடவே ரோல்ஃபிங் என்ற ஆழமான தசை நீவல், இறுகிப்போன முன்கையை இளக்கியது. 1995-இல் மொசார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோவை, கே. 414 என்று எண்ணிடப்பட்டதை, இரு கையாலும் மேடையில் வாசித்தார். குணமாகிவிட்டேன் என்று ஒருபோதும் சொன்னதில்லை. நோய் இருக்கிறது, அதோடு வாசிக்கிறேன் என்றார். இடது கைக் கச்சேரிகளையும் விடவில்லை.

2004-இல் 'டூ ஹேண்ட்ஸ்' இசைத்தட்டு வந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில் இரு கைகளால் அவர் செய்த முதல் தனிப் பதிவு. அதில் பிரதானம் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. மரணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1828-இல் ஷூபர்ட் எழுதியது. அமைதியான மெட்டு எட்டு அடி நகர்ந்ததும் பியானோவின் அடியாழத்தில் ஒரு திரில், கேட்டும் கேட்காத ஒலியில். அதை வாசிப்பது இடது கை. ஃப்ளைஷர் அந்த இடத்தில் அவசரப்படவே இல்லை. 1958-இன் வேகமும் மின்னலும் இதில் கிடையாது. வலது கையின் சில இடங்கள் கனமாக விழுகின்றன, உண்மைதான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதையே எடுத்துக்கொள்வேன். இதே பெயரில் நதானியேல் கான் எடுத்த குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

2007-இல் கென்னடி சென்டர் கௌரவம். இராக் போரைக் கடுமையாக எதிர்த்தவர், அதிபர் புஷ்ஷின் வெள்ளை மாளிகை விருந்துக்குப் போவதா என்று தவித்தார். சமாதானச் சின்னத்தை அணிந்துகொண்டு போனார், அந்தத் தவிப்பைப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். 2010-இல் தன்வரலாறு வந்தது. பியானோ கலைஞரான மனைவி கேத்தரின் ஜேக்கப்சனுடன் சேர்ந்து மேடையேறினார். எண்பது தாண்டியும் வாசித்தார், தொண்ணூறு தாண்டியும் பாடம் சொன்னார். 2020 ஆகஸ்ட் 2 அன்று பால்டிமோரில், 92-ஆவது வயதில் காலமானார். புற்றுநோய்.

வீட்டில் வாத்தியம் கற்கும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும், சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு விரல் திடீரென்று சொன்னபடி கேட்கவில்லை, வலியும் இல்லை என்றால், சோம்பல் என்று திட்டாதீர்கள், சாதகத்தை இரட்டிப்பாக்காதீர்கள். சில நாள் நிறுத்திவையுங்கள். தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஃப்ளைஷர் காலத்தில் இல்லாத பெயரும் சிகிச்சையும் இன்று இருக்கின்றன.